ஹாஜரா பீவியின் கைநாட்டு

கிருபாநிதி வாத்தியார் வீடு வாங்குகிறார் என்பது மட்டக்கடைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரே சொல்லி வைத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷ உத்தியோகம், பத்தொன்பது வருஷமும் வாடகை வீடு. யுத்தம் முடிந்து சிலோனிலிருந்து தன் மகன் திரும்புகிறான் என்று சொல்லி, அப்போது குடியிருந்த வீட்டுக்காரரும் ஈஸ்டருக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை இன்னொரு வாடகை வீட்டுக்குப் பாத்திரம் தூக்க மாட்டேன் என்று அவர் மனைவி ஞானப்பூ கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

பார்த்து வைத்திருந்த வீடு ஹாமிது என்பவருடையது. காயல்பட்டினத்து ஈஸா லெப்பை கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும் ஏற்றிக் கொண்டிருந்த நாளில் தூத்துக்குடியில் தங்குவதற்காக வாங்கிய ஓட்டு வீடு. தெருப்பக்கம் இரண்டு அறை, நடுவில் கூடம், பின்னால் அடுக்களையும் கிணறும். ஈஸா லெப்பை இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. யுத்த காலத்தில் தோணிகள் ஓடாமல் வியாபாரம் நொடித்துப்போக, மகன் ஹாமிது கையில் ரொக்கத்தோடு கொழும்புக்குப் போய்ப் புதிதாகக் கடை வைக்க நினைத்தார். மூவாயிரத்து அறுநூறு ரூபாய் என்று பேசி, ஐந்நூறு அச்சாரமும் கொடுத்தாயிற்று. தரகர் பிச்சையா இரண்டு பக்கமும் கமிஷன் பேசி முடித்திருந்தான்.

1946ஆம் வருஷம் மார்ச் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பதிவுக்கு நாள் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை விடியலில் ஹாமிது ஏற வேண்டிய தோணி புறப்படுகிறது. புதன்கிழமை சாமான் ஏற்ற இரண்டு மாட்டு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாதிரி ஐயர் வந்து புது வீட்டில் ஜெபம் பண்ணுவதாக ஏற்பாடு. ஞானப்பூ நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே எல்லோரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே வன்னியபெருமாளின் கொட்டகையில் கூடினார்கள். வன்னியபெருமாள் பத்திரம் எழுதுகிறவர். எழுத்து மணிமணியாக இருக்கும், பேச்சு வெடுக்கென்று இருக்கும். சனிக்கிழமையே வாங்கிய முத்திரைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, மூலப் பத்திரத்தை இன்னொரு தடவை புரட்டினார்.

“இது உங்க வாப்பா பேர்ல வாங்குனது. அவுக போயிட்டாக. உம்மா?”

“உம்மா அதுக்கு முந்தியே மவுத்தாயிட்டாஹ” என்றார் ஹாமிது.

“ஆண் வாரிசு நீங்க ஒருத்தர்தானே?”

“நான் ஒருத்தன்தான்.”

“பெண்ணு?”

ஹாமிது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு தங்கச்சி இருக்கா. ஊர்ல. அவளுக்கும் இதுக்கும் என்ன?”

வன்னியபெருமாள் பேனாவைக் கீழே வைத்தார். “போன வாரம் கேட்டப்ப யாரும் இல்லன்னுல்லா சொன்னீய? உங்க சட்டப்படி பொண்ணுக்கு மூணுல ஒரு பங்கு உண்டும். அந்தம்மா கையெழுத்து இல்லாம நான் எழுதுனா, நாளைக்கு வாத்தியார் வீட்டு வாசல்ல கோர்ட்டு அமீனா வந்து நிப்பான். சார், கேட்டுக்கிட்டீயளா? இது ஆகாது.”

கிருபாநிதி மடியிலிருந்த பணப்பையைத் தொட்டுக்கொண்டார். “அவங்களைக் கூட்டிட்டு வந்து கையெழுத்து வாங்க முடியாதா?” என்று கேட்டார்.

“நாளைக்குத் தோணி சார். நான் போனா ஆறு மாசம் ஆகும் திரும்ப. அதுவரைக்கும் என்னால காத்திருக்க ஏலாது. உப்பளக்காரர் ஒருத்தர் ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருக்காரு. அவருக்கு இந்தக் கேள்வியெல்லாம் கிடையாது.”

பிச்சையா ஹாமிதைத் தனியே கூட்டிக்கொண்டு போய் பூவரச மரத்தடியில் நின்று பேசினான். திரும்பி வந்தபோது அவன் முகம் தெளிவாக இருந்தது.

“ஒண்ணும் கவலப்படாதீய. அந்தம்மா பேரையும் சேர்த்தே எழுதுங்க. ஹாஜரா பீவி. ஒரு மணிக்குள்ள கூட்டிட்டு வந்து நிப்பாட்டுதேன்.”

“எங்கனயிருந்து?” என்றார் வன்னியபெருமாள்.

“அவுக இங்கனதான் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருக்காகளாம். ஹாமிது பாய்க்கே இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.”

ஹாமிது மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் இருக்கிறாள் என்று கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் சொன்னார். காயல்பட்டினம் இருபது மைல். காலை பஸ் போயாயிற்று, அடுத்தது இரண்டு மணிக்கு. புறப்படும் நேரம், சேரும் நேரம், தூரம் என்று இப்படிப்பட்ட கணக்கைத்தான் கிருபாநிதி பத்தொன்பது வருஷமாகக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருக்கிறார். விடை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. வன்னியபெருமாளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாத்தியாரையே பார்த்தார்.

“என்ன சார், எழுதட்டுமா?”

வேண்டாம் என்று சொல்ல அப்போது நேரம் இருந்தது. அச்சாரம் போனால் போகட்டும் என்று எழுந்து நடந்திருக்கலாம். அவருக்கு நினைவில் வந்ததெல்லாம் வண்டிக்காரன், ஐயர், நாற்பது பேர், சங்கிலி இல்லாத ஞானப்பூவின் கழுத்து.

“எழுதுங்க” என்றார்.

ஒன்றேகாலுக்கு ஒரு குதிரை வண்டி வந்தது. திரை போட்ட வண்டி. அதிலிருந்து தலைமுதல் கால்வரை வெள்ளைத் துப்பட்டியால் மூடிய ஒரு பெண் இறங்கினாள். பிச்சையா முன்னால் நடந்தான். ஆபீசில் பெண்களுக்கென்று ஒரு பெஞ்சு சுவரோரம் கிடந்தது. அவள் அதன் ஓரத்தில், உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தாள்.

சப்-ரிஜிஸ்திரார் வெளியூர்க்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பத்திரத்தை முழுக்க வாசித்தார். ஹாமிது கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

“பேர் என்ன அம்மா?”

“ஹாஜரா பீவி” என்று துப்பட்டிக்குள்ளிருந்து அமுங்கலாகக் குரல் வந்தது.

“தகப்பனார் பேர்?”

“ஈஸா லெப்பை.”

“சம்மதத்தோடதானே எழுதிக் கொடுக்கிறீங்க?”

பதில் வரத் தாமதமாயிற்று. “ஆமா.”

அடையாளம் சொல்லும் சாட்சிகளாகப் பிச்சையாவும் அவன் கூட்டிவந்த ஒருவனும் நின்றார்கள். சப்-ரிஜிஸ்திரார் பிச்சையாவை ஏற இறங்கப் பார்த்தார். “நீ வாரத்துக்கு மூணு தடவை வந்து யாரையாவது தெரியும்னு சொல்றே” என்றார். அப்புறம் கோட்டும் தலைப்பாகையுமாக நின்ற கிருபாநிதியிடம் திரும்பினார்.

“நீங்க பள்ளிக்கூட வாத்தியார். பணம் கொடுக்கப் போறவர். பதிவுக்கு இது தேவையில்லை, என் திருப்திக்குக் கேட்கிறேன். இந்த அம்மாளை உங்களுக்குத் தெரியுமா?”

ஆபீசே அவரைப் பார்த்தது. துப்பட்டியும் அவர் பக்கம் திரும்பியது.

“தெரியும்” என்றார் கிருபாநிதி.

சப்-ரிஜிஸ்திரார் தலையை ஆட்டினார். குமாஸ்தா மைப்பலகையை நீட்டினான். துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. வெயிலில் கறுத்து, நகக்கண்ணெல்லாம் பச்சைக் கறை ஏறிய கை. காயல்பட்டினத்து வியாபாரி மகளின் கையல்ல அது. குமாஸ்தா அந்தக் கட்டை விரலைப் பிடித்து மையில் உருட்டிப் பத்திரத்திலும் ரேகைப் புஸ்தகத்திலும் அழுத்தினான். கிருபாநிதி பணத்தை எண்ணி ஹாமிதிடம் கொடுத்தார். எண்ணும்போது இரண்டு தடவை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

எல்லாம் முடிந்து வெளி வராந்தாவுக்கு வந்தார். குதிரை வண்டியைக் கூப்பிடப் பிச்சையா போயிருந்தான். தூணோரம் நின்ற அந்தப் பெண் அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகப் பேசினாள்.

“சார், ரங்கூன்லயிருந்து பதில் ஏதும் வந்துச்சா?”

கிருபாநிதி திரும்பினார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். சம்சுன்னிசா. மருந்துக்காகக் கப்பலேறும் நிலாவரை இலையைத் தரம் பிரிக்கும் சரக்குக் கிட்டங்கியில் கூலி வேலை செய்கிறவள். அவள் புருஷன் ரங்கூனில் அரிசி மில்லில் இருந்தவன். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கடிதம் இல்லை, ஆளும் இல்லை. அவளுக்காகச் சர்க்காருக்கு மூன்று மனு எழுதிக் கொடுத்தவர் கிருபாநிதி. சனிக்கிழமை தோறும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்காமல் மனு எழுதுவது அவர் வழக்கம்.

“நீயா?” என்றார்.

“வர மாட்டேன்னுதான் சொன்னேன். அந்தப் பீவிக்குச் சொகமில்ல, அவுஹளுக்குப் பதிலா சும்மா வந்து நின்னாப் போதும்னு பிச்சையா அண்ணாச்சி சொன்னாரு. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. வாத்தியார் சாரும் இருக்காரு, தப்பா இருந்தா அவர் நிப்பாரான்னாரு. அதான் வந்தேன். நீங்களும் உள்ள தெரியும்னு சொன்னீய. பொறவுதான் மனசு அடங்குச்சு.”

வண்டி வந்துவிட்டது. அவள் ஏறிப் போனாள்.

புதன்கிழமை சாமான் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடந்தது. நேர்மையான உழைப்பில் கிடைத்த வீடு இது என்று ஐயர் கூடத்தில் நின்று ஸ்தோத்திரம் சொன்னார், நாற்பது பேரும் ஆமென் சொன்னார்கள். கிருபாநிதியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஞானப்பூ எல்லோருக்கும் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினாள். அவள் அவ்வளவு சிரித்து அவர் பார்த்ததில்லை. அதைப் பார்க்க முடியாமல் கிணற்றடிக்குப் போய் நின்றார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை உடம்பு சரியில்லை என்று மனு எழுத உட்காரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கணக்கைப் பார்த்து எழுதிய ஒரு பையனை அடிக்கப் பிரம்பை எடுத்தவர், எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவர்போலத் திரும்ப வைத்துவிட்டார். தெருவில் துப்பட்டி போட்ட பெண் யார் வந்தாலும் எதிர்ச்சாரிக்கு மாறினார்.

மூன்றாவது சனிக்கிழமை காலையில் வாசலில் சத்தம் கேட்டது. “சார் இருக்காஹளா அம்மா?” சம்சுன்னிசாவின் குரல். கிருபாநிதி கூடத்தில் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் செய்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. பாதிச் சட்டையோடு அடுக்களைக்குள் போய் விறகு அடுக்கியிருந்த மூலையில் நின்றுகொண்டார். நாற்பத்தேழு வயசு மனுஷர், விறகுக்கும் சுவருக்கும் நடுவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஞானப்பூ அடுக்களை வாசல்வரை வந்தாள். அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். “சார் வெளியே போயிருக்காக. அடுத்த வாரம் வா” என்று அவள் சொல்வது கேட்டது. அப்புறம் கதவு சாத்தும் சத்தம்.

“அந்தப் பொம்பளைக்கு நீங்க என்ன செஞ்சீய?” என்று கேட்டாள் ஞானப்பூ. அவள் கேட்ட விதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அதுவாக இருந்திருந்தால்கூடச் சொல்லிவிடுவது சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

ஞானப்பூ வாசல்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். “வெளிய தெரிஞ்சா?” என்றாள்.

“கேஸ் ஆகும். ஆள்மாறாட்டம். ஜெயில்தான்.”

“உங்களுக்கா?”

“எனக்கும்தான். முதல்ல அவளுக்கு. விரல் ரேகை அவளோடது. அது புஸ்தகத்துல இருக்கு.”

ஞானப்பூ முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எங்கிட்ட எதுக்குச் சொன்னீய? சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு இந்த வீட்டுல இருந்திருப்பேன். இனிமே எப்படி இருப்பேன்?” என்றாள். அழவில்லை. எழுந்து உலையில் அரிசி போட்டாள். சாப்பிடும்போதுதான் மறுபடி வாய் திறந்தாள். “அந்தக் காயல்பட்டினத்து அம்மா யாரு எவருன்னு நமக்குத் தெரியாது. போய்ப் பாருங்க. என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு வாங்க.”

ஹாமிதுக்குக் கொழும்பு விலாசத்தில் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிருபாநிதி காலை பஸ்ஸில் ஏறினார். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடுகிற பஸ். ஆத்தூர் தாண்டி ஒரு மணி நேரம் படுத்துக்கொண்டது. எல்லோரும் இறங்கி நிழலில் நின்றார்கள். பஸ் இனி ஓடாது என்று சொல்லிவிட்டால் திரும்பிப் போய்விடலாமே என்று அவர் உள்ளூர ஆசைப்பட்டார். பஸ் ஓடிவிட்டது.

ஹாஜரா பீவி விதவை. அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆனால் அவளுக்கென்று இருந்த வீடு தகப்பனார் காலத்திலேயே வியாபாரக் கடனுக்குப் போய்விட்டது. தாய்மாமன் ஸதக்கத்துல்லாஹ் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். விசாரித்துக்கொண்டு வந்த வாத்தியாரை மாமன் மரியாதையாக உட்கார வைத்து, சர்பத் கொடுக்கச் சொன்னார். தூத்துக்குடி வீட்டு விஷயம் என்றதும் உள்வாசல் திரைக்குப் பின்னால் யாரோ வந்து உட்காரும் அரவம் கேட்டது.

“சொல்லுங்கோ” என்றார் ஸதக்கத்துல்லாஹ். “அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா.”

கிருபாநிதி சர்பத்தைத் தொடவில்லை. தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த நியாயங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நடந்தது மட்டும் வந்தது. மாமன் பாதியிலேயே எழுந்துவிட்டார். “போலீசுக்குப் போவோம்” என்றார். “ஹாமிது எங்க வீட்டுப் பையன்னு பாக்க மாட்டேன்!”

“மாமா, உக்காருங்கோ” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். தெளிவான, அவசரமில்லாத குரல். “அந்தப் பத்திரத்துல என் பேருக்கு நேரா என்ன இருக்கு?”

“கைநாட்டு” என்றார் கிருபாநிதி.

உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. மாமன் எடுத்து வாத்தியார் கையில் கொடுத்தார். மை காயாத எழுத்து. அரபு எழுத்து, வலமிருந்து இடமாக ஒரு வரி.

“படிக்கத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“அது என் பேரு. எங்க பாஷைதான், தமிழ்தான், அரபு எழுத்துல எழுதியிருக்கு. ஏழு வயசுல வாப்பா எழுதப் படிக்கச் சொல்லித் தந்தாஹ. இந்தத் தெருவுல யாருக்குக் கொழும்புக் கடிதம் வந்தாலும் நான்தான் வாசிச்சுச் சொல்றேன். என்னையக் கைநாட்டு ஆக்கிட்டீங்களே. நீங்க ஒரு வாத்தியாரு.”

அவள் வைதிருந்தால் தாங்கியிருப்பார். கிருபாநிதிக்குக் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வாசிக்கத் தெரியாத ஒரு வரியை வாசிக்கிறவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பதிலா விரல் வச்ச பொண்ணு யாரு?”

“அதை மட்டும் கேக்காதீங்க. அவ ஒரு ஏழை. என்னை நம்பி வந்தா. தப்பு அவளோடது இல்ல.”

“அவளுக்கு என்ன குடுத்தாங்க?”

“எனக்குத் தெரியாதும்மா. கேக்கல.”

“எதைத்தான் கேட்டீங்க?” என்றது குரல்.

பிறகு அவளே சொன்னாள். “போலீசுக்குப் போனா அந்தப் பொண்ணுதான் முதல்ல அழும். ஹாமிது காக்கா கொழும்புல இருக்காஹ, அவஹளை யாரும் பிடிக்கப் போறதில்ல. எனக்கு என் பங்கு வேணும். காசு வேண்டாம். காசா வந்தா காக்கா ஒரு கடிதம் போட்டு வாங்கிருவாஹ, எனக்கும் இல்லன்னு சொல்ல வராது. வீடா வேணும். தெருப்பக்கத்து ரெண்டு அறையும் வாசலும்.”

கிருபாநிதி சம்மதித்தார். அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? எழுந்திருக்கும்போது, “தானப் பத்திரமாவே எழுதித் தந்துடறேன்” என்றார்.

“தானமா?” குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “என் பங்கை எனக்கு யாரும் தானம் குடுக்க வேண்டாம். வேற வார்த்தை பாருங்கோ.”

வார்த்தையைக் கண்டுபிடித்தவர் வன்னியபெருமாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். “அன்னைக்கு நான் எழுதட்டுமான்னு கேட்டதே நீங்க வேண்டாம்னு சொல்லுவீயன்னுதான். நானா நிறுத்தியிருக்கணும். எனக்கும் இதுல பங்கு உண்டும்” என்றார். பாத்தியதை விட்டுக்கொடுத்த பத்திரம் என்று தலைப்புப் போட்டு எழுதினார். கூலி வாங்கவில்லை.

பதிவுக்குப் போனபோது அதே சப்-ரிஜிஸ்திரார் இருந்தார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். “போன மாசம் இந்த அம்மாகிட்டத்தானே வாங்கினீங்க? இப்போ மூணுல ஒண்ணைத் திருப்பிக் கொடுக்கிறீங்களா?”

“ஆமாங்கய்யா.”

“ஏன்?”

“அவங்க பங்கு அவங்களுக்குப் போய்ச் சேரல. அதான்.”

சப்-ரிஜிஸ்திரார் பேனாவை மூடினார். போன மாதம் தெரியும் என்று சொன்ன அந்த முகத்தை இப்போது நிதானமாகப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று கிருபாநிதியால் சொல்ல முடியவில்லை. முன்பு ‘நீங்க’ என்றவர், “கையெழுத்தைப் போடும்” என்றார். அவ்வளவுதான். கிருபாநிதி போட்டார்.

தெருப்பக்கத்து அறைகளை ஹாஜரா பீவியின் மாமன் ஒரு வத்தல் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டார். கூடத்துக்கும் அறைகளுக்கும் நடுவே சுவர் எழும்பியது. வாத்தியார் வீட்டுக்காரர்கள் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. மூட்டை இறக்குகிற நாளில் வீடெல்லாம் தும்மல். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? “என்ன சார், வீட்டு முகப்பையே வித்துட்டீயளாமே, கடனா?” என்று கேட்டார்கள். “அது எங்களுது இல்ல” என்பார் கிருபாநிதி. மேலே சொல்ல வழியில்லை. சூதாட்டம் என்று ஒருவர் சொன்னார், மகளுக்குச் சீதனம் என்று இன்னொருவர் சொன்னார். ஞானப்பூ எதையும் மறுக்கவில்லை. சந்து வழியாக முதல் தடவை தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது மட்டும், “மூணுல ரெண்டு நம்மளுதுதானே? நல்லாத் தெரியுமில்லா?” என்று கேட்டாள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. அதற்குத்தான் அவருக்குக் கால் எழவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் கிட்டங்கித் தெரு முனைவரை போய்த் திரும்பினார். நாலாவது நாள் உள்ளே போனார்.

கொட்டகையில் முப்பது பெண்கள் இலைக்குவியலைச் சுற்றி உட்கார்ந்து காம்பும் சருகும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சம்சுன்னிசா அவரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

“பதில் வந்துருச்சா சார்?”

“இல்லம்மா. வேற ஒண்ணு சொல்ல வந்தேன்.” சுவரோரமாக ஒதுங்கி நின்று சொன்னார். “அன்னைக்கு நீ விரல் வச்சது தப்பு. சட்டப்படி குற்றம். அந்தப் பீவிக்குச் சொகமில்லங்கிறது பொய். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் போய்ச் சொல்லி, அவங்க பங்கைக் குடுத்துட்டேன். உன் பேரைச் சொல்லல. உனக்கு ஒண்ணும் வராது. இனிமே யார் கூப்பிட்டாலும் போகாத.”

சம்சுன்னிசா தன் கட்டை விரலைப் பார்த்தாள். “தப்புன்னு உங்களுக்கு அப்பமே தெரியுமா சார்?”

தெரியாது என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள்.

“தெரியும்” என்றார்.

அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. எதையோ கணக்குப் பார்க்கிறவள்போல அவள் புருவம் சுருங்கியது.

“அப்ப எனக்கு எழுதுன மனுவெல்லாம்? அதுவும் சும்மாதானா சார்?”

“இல்லம்மா! சத்தியமா இல்ல. மூணும் நானே தபால்ல சேர்த்தேன். ரசீது வச்சிருக்கேன். நாளைக்கே இன்னொண்ணு எழுதித் தாரேன்.”

குவியலைச் சுற்றியிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சம்சுன்னிசா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வேண்டாம் சார். போஸ்டாபீஸ் வாசல்ல ஒருத்தர் எழுதுதாரு. நாலணா வாங்குதாராம். குடுத்து எழுதிக்கிடுதேன்.”

அந்த நாலணா அவளுக்கு அரைநாள் கூலி. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஸ்திரி அந்தப் பக்கமிருந்து, “ஏளா, பேச்சு போதும், வா” என்று சத்தம் போட்டான். அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து இலையைப் பொறுக்கத் தொடங்கினாள். கிருபாநிதி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவள், வந்தது யார் என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

“ஒரு வாத்தியாரு” என்று சம்சுன்னிசா சொல்வது அவர் காதில் விழுந்தது.